ரிசார்ட் காலை உணவில் பையனுக்குத் தனி பில்

அறையைக் காலி செய்வதற்கு முன்பே ரிசப்ஷனில் சொல்லி பையனின் காலை உணவுக்குத் தனியாகப் போட்ட தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். உணவகத்தில் நின்று வாதாடிப் பயனில்லை.

ஈசிஆர் தீம் பார்க் ரிசார்ட்டில் காலை உணவு சேர்த்துத்தான் அறை எடுத்தோம், ஆறு வயதுப் பையனுக்கு மட்டும் தனி பில் என்கிறீர்கள். புக்கிங்கில் 'பெரியவர்கள் 2' என்று மட்டும் போட்டிருப்பீர்கள். உணவக வாசலில் பட்டியலோடு நிற்பவரிடம் உங்கள் அறை எண்ணுக்கு நேரே 2 என்றுதான் இருக்கும். மூன்றாவது தலைக்கு பில் போட்டுவிடுவார். எங்களுக்கும் ஒருமுறை இதே கதை. எங்கள் பையன் தின்றது அரை இட்லி, பொங்கலில் மிளகைப் பொறுக்கி ஓரம் வைத்ததுதான் மிச்சம்!

சரி, வவுச்சரைத் திறந்து குழந்தையின் வயது பதிவாகியிருக்கிறதா, காலை உணவு எத்தனை பேருக்கு என்று பாருங்கள். பையனும் கணக்கில் இருந்தால் அதைக் காட்டினாலே போதும்.

அப்புறம், பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' இருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை வழிகாட்டுதல்படி அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது. ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

வவுச்சரில் பையனே இல்லையென்றால் உரிமையாகக் கேட்க முடியாது, தன்மையாகக் கேட்டுப் பார்க்கலாம். இலவச வயது வரம்பை ஐந்தோடு நிறுத்துகிறவர்களும் உண்டு.