என்ஜின் டேட்டா லாகிங் மென்பொருளில் அளவுகள் தப்பாக வந்தால் எங்கிருந்து பார்ப்பது?

கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை -40 டிகிரியிலேயே நிற்கிறது, ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) தாவித் தாவிப் போகிறது, சென்சாரை மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த -40 சும்மா வந்த எண் இல்லை. ஓபிடி (வண்டியின் அளவுகளை வெளிக் கருவிக்குத் தரும் பொதுவான முறை) முறையில் ஈசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, வெப்பநிலையை 0 முதல் 255 வரையிலான ஒரு எண்ணாக அனுப்பும். மென்பொருள் அதிலிருந்து 40-ஐக் கழித்துக் காட்டும். ஆக, வந்த எண் 0. சென்சார் வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம். அப்படியென்றால் பெரும்பாலும் பி0118 என்ற பிழைக் குறியீடும் பதிவாகியிருக்கும். குறியீடு எதுவும் இல்லை, வேறொரு ஸ்கேனரில் சரியாகக் காட்டுகிறது என்றால் சென்சாரைத் தொடாதீர்கள். பதில் வராததையே மென்பொருள் 0 என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆர்பிஎம் தாவுவதற்குப் பெரும்பாலும் தகவல் வரும் வேகம் குறைவதுதான் காரணம். அடாப்டர் (வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகும் கருவி) பொதுவாக ஒவ்வொரு அளவாகக் கேட்டு வாங்குகிறது. இருபது அளவுகளை டிக் செய்துவிட்டால் ஒவ்வொன்றின் முறையும் தாமதமாகத்தான் வரும். மலிவான போலி அடாப்டர் என்றால் கேட்கவே வேண்டாம். மூன்று நான்கு அளவுகளை மட்டும் வைத்து லாக் செய்து பாருங்கள். தாவாமல், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) 800 இருக்க வேண்டியது சீராக 3200 என்று காட்டினால் அது சூத்திரக் கோளாறு: வரும் எண்ணை 4-ஆல் வகுக்க மறந்திருக்கிறது.

அப்புறம், சென்சார் அளவுகள் சரிதானா என்று பார்க்க, இரவு முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். கூலன்டும் உள்ளிழுக்கும் காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். மேப் சென்சார் (இன்டேக் குழாயில் காற்றழுத்தத்தை அளப்பது), கடல் மட்டத்தை ஒட்டிய ஊரென்றால், 100 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும்.