அரியலூர்க் கற்களும் புதுச்சேரிக் கற்களும்

கேள்வி: அரியலூர், பெரம்பலூர் வட்டார ஓடைகளில் நத்தை போலச் சுருண்ட கற்கள் கிடைக்கின்றன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள சேதராப்பட்டுப் பகுதியிலும் இவை உண்டு என்கிறார்கள். இரண்டும் ஒரே கடல் விட்டுச்சென்றவையா? இவற்றை முதலில் ஆராய்ந்தவர்கள் யார்?

பதில்: கடல் ஒன்றுதான். ஆனால் அது தங்கிய காலம் மிக நீண்டது. சோழமண்டலக் கரையோரம் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் உட்புகுந்து, பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும், ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை படிவுகளை இட்டுச்சென்ற கடல் அது. ஆகவே, இரண்டு ஊர்க் கற்களில் எவை மூத்தவை என்பதே ஆய்வாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்த கேள்வி.

1840-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண நிர்வாகப் பணியிலிருந்த கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரித்த தொல்லுயிர் எச்சங்கள் லண்டன் நிலவியல் கழகத்துக்குச் சென்றன. மீன் எச்சங்களை எகர்ட்டனும், கிளிஞ்சல்கள் முதலியவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸும் ஆராய்ந்தனர். 1846-இல் வெளியான ஃபோர்ப்ஸின் கட்டுரை, இவை கிரிட்டேசியஸ் காலத்தவை (டைனோசர்கள் உலவிய யுகத்தின் இறுதிக் காலம்) எனச் சரியாகக் கண்டது. ஆனால் புதுச்சேரிப் படிவுகளே மற்ற இரண்டையும்விடப் பழமையானவை என்று முடிவு கட்டியது. உண்மை நேர்மாறானது. ஃபோர்ப்ஸின் கல்வியில் குறை சொல்ல இடமில்லை. எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு கிடக்கிறது என்று நேரில் காண வழியில்லாதபோது, ஐரோப்பிய இனங்களோடு காணும் ஒற்றுமை ஒன்றே அவருக்கு அளவுகோலாக இருந்தது.

களத்தில் நடந்து வரிசையைக் கண்டவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்ட் (பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவரே). 1862-இல் வெளியான அவரது அறிக்கை, அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் படிவுகளைப் பிரித்தது. இன்றும் ஆய்வாளர்கள் இந்தப் பெயர்களைக் கைவிடவில்லை. ஊட்டத்தூர்த் தொகுதியைப் பார்க்க விரும்புவோர் காரை கிராமத்தை ஒட்டிய அரித்தோடிய களிமண் மேடுகளுக்குச் செல்லலாம். வெயிலில் கண்ணாடிச் சில்லுகள் போல் மின்னும் ஜிப்சத் தகடுகளுக்கிடையே, கணவாய் மீனின் பழங்கால உறவான பெலம்னைட்டின் எச்சங்கள், விரலளவில் ஒரு முனை கூராகக் கிடக்கும். திருச்சிராப்பள்ளித் தொகுதிக்குக் கருடமங்கலத்துக் கல்லே சான்று. கிளிஞ்சல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றி, 'திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்' என்ற பெயரில் அலங்காரப் பொருள்கள் செய்தார்கள்.

இந்த எச்சங்களை இனம் இனமாக விவரித்த பெரும்பணியில் மிகப்பெரும் பங்கு மொராவியாவில் பிறந்த ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்காவுடையது. தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிரினங்கள் பற்றிய அவரது நூல்கள் 1873-இல் நிறைவு பெற்றன. மறு ஆண்டே மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 36 வயதில் லடாக்கில் மறைந்தார்.

புதுச்சேரிப் புதிர் அவிழ்ந்தது 1890-களில். வார்த் என்ற நிலவியலாளர் எந்த அடுக்கில் எடுத்தது எனக் குறித்துவைத்துச் சேகரித்தவற்றை, வியன்னாவில் ஃபிரான்ஸ் காஸ்மட் ஆராய்ந்து, புதுச்சேரிப் படிவுகள் அரியலூர்த் தொகுதிக்கு இணையானவை, அதாவது கிரிட்டேசியஸின் கடைசிக் கட்டத்தவை என்று நிறுவினார். நீங்கள் கேட்ட சுருண்ட கற்களான அம்மோனைட்டுகளுக்கு (அழிந்துபோன கடலுயிரிகளின் ஓடுகள்) ஐரோப்பாவைவிட தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மடகாஸ்கர், பசிபிக் கரைகளிலேயே நெருங்கிய உறவுகள் உண்டு என்றும் அவர் காட்டினார். என் பார்வையில், ஐரோப்பிய அளவுகோலின் போதாமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

கேள்வி: கடல் படிவு என்கிறீர்கள், அப்படியானால் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் அங்கே எப்படி வந்தது?

பதில்: கரையோரக் காட்டில் வளர்ந்த மரம் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடல் மண்ணில் புதைந்து கல்லானது. சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அதை 1940-இல் உலகுக்கு அறிவித்தவர் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன். அதன் வயது 12 கோடி ஆண்டுகள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் மரம் கிடப்பது திருச்சிராப்பள்ளித் தொகுதியில் என்பதால், 9 கோடி ஆண்டுகளை ஒட்டிய கணக்கே பொருத்தமாகத் தோன்றுகிறது.