பழைய டிராக்டரில் முன் லோடர்: ஹைட்ராலிக் இணைப்பு பற்றிய கேள்வி-பதில்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் கரும்பும் காய்கறியும் பயிரிடும் நம்மவர்களின் தோட்டங்களில் தந்தையர் காலத்து டிராக்டர்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கரும்பாலைச் சேற்றையும் கோழி எருவையும் அள்ளுவதற்காக அவற்றில் பழைய லோடரை (முன்புறத்தில் பக்கெட்டால் அள்ளித் தூக்கும் கருவி) பொருத்த விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். ஹோஸ் வாங்குவதற்கு முன்பு ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்: உங்கள் டிராக்டரில் எந்த நெம்புகோலையும் தொடாதபோது பம்பிலிருந்து எண்ணெய் எங்கே போகிறது? கீழே உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை இதை அறியாமல் இணைத்ததால் வந்தவை.

கேள்வி (வெருலம்): என் மாஸி ஃபெர்குசன் 135-இல் லோடர் பொருத்திக் கொடுத்தார்கள். பின்புற லிஃப்ட் (கலப்பையைத் தூக்கும் அமைப்பு) நெம்புகோலை மேலே தள்ளினால்தான் லோடர் அசைகிறது. அப்போது லிஃப்ட் கைகளும் சேர்ந்து எழுகின்றன. இது சரியா?

பதில்: இணைப்பு பாதிதான் முடிந்திருக்கிறது. 135-இன் பம்ப் பின்புறப் பெட்டிக்குள், எண்ணெயில் மூழ்கியபடி, பி.டி.ஓ. தண்டால் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) ஓடும் பிஸ்டன் பம்ப். பல டிராக்டர்களில் பம்ப் ஓயாமல் எண்ணெயைத் தள்ள, வால்வு அதைத் திருப்பிவிடும். ஃபெர்குசன் அமைப்பிலோ கட்டுப்பாட்டு வால்வு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. லிஃப்ட் நடுநிலையில் நிற்கும்போது உறிஞ்சுவழி அடைபடுவதால் பம்ப் சுழன்றாலும் எண்ணெய் வெளியே வராது. ஆகவே லோடர் வேலை செய்ய, பொசிஷன் கன்ட்ரோல் (லிஃப்டின் உயரத்தை அமைக்கும்) நெம்புகோலைத் தொடர்ந்து எண்ணெய் இறைக்கும் மேல்நிலைக்குத் தள்ளியாக வேண்டும், அதில் தவறில்லை.

லிஃப்ட் கைகள் கூடவே எழுவதுதான் குறை. லிஃப்ட் மூடியின் மேலுள்ள சிறு மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் திசை மாற்றும் குமிழ் கொண்ட ஐசோலேட்டர் மூடியைப் பொருத்துங்கள். குமிழை ஒரு பக்கம் திருப்பினால் எண்ணெய் லிஃப்டுக்கும், மறுபக்கம் திருப்பினால் லோடர் வால்வுக்கும் போகும். லோடர் வால்வு ஓப்பன் சென்டர் வகையாக, அதாவது நடுநிலையில் எண்ணெயைத் தடையின்றித் திருப்பி அனுப்புவதாக, இருக்க வேண்டும்; அதன் திரும்பும் குழாய் எந்த அடைப்பும் இல்லாமல் நேராகப் பின்புறப் பெட்டிக்குள் சேர வேண்டும். வேலை முடிந்ததும் லிஃப்ட் நெம்புகோலைக் கீழே இறக்கிவிடுங்கள். இல்லையெனில் எண்ணெய் வீணாகச் சுற்றிச் சூடேறும்.

வேகத்தைப் பற்றியும் எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். இந்தப் பம்ப் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 லிட்டர் தரும். 50 மில்லிமீட்டர் உள்விட்டமும் 500 மில்லிமீட்டர் நீள ஓட்டமும் கொண்ட இரண்டு சிலிண்டர்கள் நிரம்ப 2 லிட்டர் வேண்டும். அதாவது லோடர் கைகள் முழுதாக எழ 7 வினாடி, பாதி வேகத்தில் 14 வினாடி. பலத்துக்குக் குறைவில்லை: 170 பார் அழுத்தத்தில் அப்படிப்பட்ட ஒரு சிலிண்டர் மூன்று டன்னுக்கு மேல் தள்ளும். மேலும், பம்ப் பி.டி.ஓ. தண்டால் ஓடுவதால் கிளட்சை அடிவரை மிதித்தால் லோடரும் நின்றுவிடும்.

கேள்வி (ஸ்டாங்கர்): அந்தத் தொல்லையே வேண்டாம் என்று இன்ஜின் முன்புறக் கப்பியில் தனிப் பம்ப் பொருத்தலாமா?

பதில்: தினமும் பல மணி நேரம் அள்ளுபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். கிளட்சை மிதித்தாலும் லோடர் வேலை செய்யும். லோடரின் தூசியும் உலோகத் துகளும் கியர்பெட்டி எண்ணெயில் கலக்காது. நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் கியர் பம்ப் போதும். 150 பார் அழுத்தத்தில் அது ஏறக்குறைய 9 கிலோவாட், அதாவது 12 குதிரைத்திறன் இழுக்கும். முழுப் பாரத்தில் மட்டுமே அவ்வளவு. தொட்டி 30 லிட்டருக்குக் குறையக் கூடாது. தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாய் அகலமாகவும் குட்டையாகவும், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளாதபடி உள்ளே கம்பிச் சுருள் கொண்டதாகவும் இருக்கட்டும். பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் கேட்டால் எண்ணெய் போதவில்லை, அல்லது காற்று நுழைகிறது, உடனே நிறுத்துங்கள். பம்புக்கும் முதல் வால்வுக்கும் இடையே, அழுத்தம் மிகும்போது எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு கட்டாயம் வேண்டும். அந்த வழியில் கழற்றி மாட்டும் கப்ளிங்கை ஒருபோதும் வைக்காதீர்கள். அது சரியாக மாட்டாமல் போனால் எண்ணெய் போக வழியில்லாமல் பம்பே உடையும்.

கேள்வி (டோங்காட்): தொடர்ந்து எண்ணெய் சுற்றும் பம்ப் கொண்ட டிராக்டரில், லோடர் வால்வின் திரும்பும் துவாரத்திலிருந்து லிஃப்டுக்கு இணைப்புக் கொடுத்தோம். கலப்பையைத் தூக்கும்போதெல்லாம் லோடர் வால்வின் ஓரங்களில் எண்ணெய் கசிகிறது. சீல் மாற்றியும் நிற்கவில்லை.

பதில்: சீலைக் குறை சொல்ல முடியாது. வால்வின் திரும்பும் அறை, தொட்டிக்குப் போகும் குறைந்த அழுத்த எண்ணெய்க்காக வார்க்கப்பட்டது. லிஃப்டை அதற்குப் பின்னால் மாட்டியதால், கலப்பை எழும்போது உண்டாகும் முழு அழுத்தமும் அந்த அறைக்குள் ஏறுகிறது. இன்று சீல் பிதுங்குகிறது. நாளை வார்ப்பே வெடிக்கலாம். இதைவிட மோசமானது இன்னொன்று: வால்வுக்குள் இருக்கும் ரிலீஃபும் அதே அறைக்குள்தான் எண்ணெயைக் கொட்டுகிறது. அங்கே எதிரழுத்தம் இருந்தால், அமைத்த அளவில் அது திறக்காது.

இதற்கு உரியது பவர் பியாண்ட் என்னும் அமைப்பு. வால்வில் மூன்று தனி வழிகள் வேண்டும்: பம்பிலிருந்து உள்ளே வருவது, லிஃப்டுக்கு அழுத்தத்தோடு போவது, தொட்டிக்கு நேரே திரும்புவது. பல வால்வுகளில் ஒரு அடைப்பானைக் கழற்றிவிட்டு அதற்கான ஸ்லீவை (உள்வழிகளைப் பிரிக்கும் குழல்) திருகினால் போதும். ஸ்லீவ் அந்த வால்வைச் செய்த நிறுவனத்துடையதாகவே இருக்க வேண்டும். ஒன்றின் ஸ்லீவ் மற்றொன்றுக்குச் சேராது. அந்த வசதியே இல்லாத வால்வைத் துளைத்துப் பார்க்காமல் வேறு வால்வு வாங்குங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): அதே லோடரை ஜான் டியர் 3020-க்கு மாற்றலாமா?

பதில்: லோடரை மாற்றலாம், வால்வை அப்படியே மாற்றக் கூடாது. 1960-இல் வெளிவந்த புதிய வரிசையிலிருந்து அந்த நிறுவனத்தின் இவ்வகை டிராக்டர்கள் குளோஸ்டு சென்டர் அமைப்பைக் கொண்டவை. பம்ப் அழுத்தத்தைத் தாங்கியபடி காத்திருக்கும். தேவைப்படும்போது மட்டும் எண்ணெய் தரும். அதில் ஓப்பன் சென்டர் வால்வை மாட்டினால் எண்ணெய் ஓயாமல் வழிந்தோட, பம்ப் ஓயாமல் முழு அளவில் உழைத்துச் சூடேறும். அதே பம்பை நம்பியிருக்கும் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் பங்கு குறையலாம். நடுநிலையில் அடைபடும் வால்வையே பயன்படுத்துங்கள்.

கேள்வி (உம்சிண்டோ): டிரெய்லரைக் கவிழ்க்கும் ஒற்றைக் குழாய் லோடருக்குப் போதாதா?

பதில்: லோடர் கைகளை ஏற்ற மட்டும் போதும், அவை தம் எடையால் இறங்கும். பக்கெட்டைக் கவிழ்க்கவும் மடக்கவும் இருபக்கமும் எண்ணெய் வேண்டும், ஆகவே போதாது.

கேள்வி (ஸ்டாங்கர்): அரை அங்குல இணைப்பு இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. டேப் சுற்றி இறுக்கினோம், சொட்டுகிறது.

பதில்: ஒன்று பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை), மற்றொன்று என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை) ஆக இருக்கும். அரை அங்குலத்தில் இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஆகவே தொடக்கத்தில் ஏமாற்றிவிடும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை. டேப்பின் நார்கள் உள்ளே போய் வால்வின் ஸ்பூலில் (எண்ணெயைத் திசைதிருப்பும் உள்தண்டு) சிக்கும். மரை அளவியால் சோதித்து உரிய அடாப்டரைப் போடுங்கள். ஹோஸையும் பாருங்கள்: ஒற்றைக் கம்பிப் பின்னல் கொண்ட அரை அங்குல ஹோஸின் வேலை அழுத்தம் 160 பார், இரட்டைப் பின்னலுக்கு 275 பார். 170 பார் டிராக்டருக்கு இரட்டைதான்.

கேள்வி (வெருலம்): சரிவில் ஈரச் சேற்றை அள்ளும்போது பின்சக்கரம் வழுக்குகிறது.

பதில்: அச்சிடைவெளி 1.8 மீட்டர், பக்கெட் முன்னச்சுக்கு 1.3 மீட்டர் முன்னால் என்று கொள்வோம். 400 கிலோ அள்ளினால் முன்னச்சின் மேல் ஏறக்குறைய 690 கிலோ கூடுகிறது. பின்னச்சிலிருந்து 290 கிலோ குறைகிறது. எனவே பின்புற மூன்று முனை இணைப்பில் கான்கிரீட் பாரம் மாட்டுங்கள். ஐசோலேட்டர் லோடர் பக்கம் இருக்கும்போது அடைபட்ட எண்ணெய் கசிந்து பாரம் மெல்ல இறங்கும். அதைச் சங்கிலியால் தாங்குங்கள். பக்கெட்டை எப்போதும் தாழ்வாக வைத்தே ஓட்டுங்கள்.

கேள்வி (டோங்காட்): ஹோஸில் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஊசித் துளையிலிருந்து பாயும் எண்ணெய், தோலைத் துளைத்துத் தசைக்குள் போய்விடும். கனமான அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் ஈரம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பு பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, நெம்புகோல்களை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை விடுவியுங்கள். எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிட்டால், காயம் கொசுக்கடி அளவே தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த எண்ணெய் உள்ளே பாய்ந்தது என்பதை முதலில் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.