ஸ்மார்ட் கான்ட்ராக்டில் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) தொடக்க மதிப்புகளை எழுதும் கன்ஸ்ட்ரக்டர் ஒரு தடவைதான் ஓடும் என்கிறார்களே, மறுபடி அழைத்தால் என்ன ஆகும்?

அழைக்கவே முடியாது. யாரும் தடுப்பதால் அல்ல, அழைக்க அங்கே அது இருக்காது.

கான்ட்ராக்ட் எழுதும் மொழியான சாலிடிட்டியின் கோடை கம்பைல் செய்தால் வரும் பைட்கோடில் இரண்டு பகுதிகள் உண்டு. டிப்ளாய் செய்யும்போது, அதாவது பிளாக்செயினில் ஏற்றும்போது, முன்பகுதி ஓடும். கன்ஸ்ட்ரக்டர் இருப்பது அதில்தான். ஓனர் யார், டோக்கன் எத்தனை என்றெல்லாம் எழுதி முடித்ததும், பின்பகுதியை மட்டும் எத்தீரியத்தில் கோடை ஓட்டும் ஈவிஎம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். முகவரியில் தங்குவது அந்தப் பின்பகுதிதான். வீடு கட்டியதும் சாரத்தைப் பிரித்துவிடுகிறோமே, அந்த மாதிரி.

பழைய சாலிடிட்டியில் கான்ட்ராக்டின் பெயர் எந்த ஃபங்ஷனுக்கு இருக்கிறதோ அதுவே கன்ஸ்ட்ரக்டர். ருபிக்ஸி என்ற கான்ட்ராக்டுக்கு முதலில் டைனமிக்பிரமிட் என்று பெயர். கான்ட்ராக்டின் பெயரை மாற்றியவர்கள் ஃபங்ஷனின் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான், அது சாதாரண ஃபங்ஷனாகி, கூப்பிட்டவரெல்லாம் ஓனர் ஆகலாம் என்ற நிலை! இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் 0.4.22 பதிப்பில் 'கன்ஸ்ட்ரக்டர்' என்றே தனிச்சொல் வந்தது. 0.5.0-இல் பழைய முறையை எடுத்தேவிட்டார்கள்.

நான் மாட்டியது வேறு இடத்தில். கன்ஸ்ட்ரக்டரில் 'ஓனர் = எம்எஸ்ஜி டாட் சென்டர்' (அழைத்தவரே ஓனர்) என்று எழுதி, வேறு கான்ட்ராக்டுகளை உருவாக்கித் தரும் ஒரு ஃபேக்டரி கான்ட்ராக்ட் வழியாக டோக்கனை டிப்ளாய் செய்தேன். ஓனர் மட்டுமே செய்யக்கூடிய மின்ட்டை (புது டோக்கன் உருவாக்குவது) செய்யப் போனால் ரிவர்ட், அதாவது ரத்து. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் ஓனர் முகவரியைப் பார்க்கத் தோன்றியது. அது என்னுடையதல்ல, ஃபேக்டரியுடையது. டோக்கனை உருவாக்கியது அதுதானே! ஓனரை மாற்றலாம் என்றால், அதற்கான ஃபங்ஷனை ஃபேக்டரியில் நான் எழுதவே இல்லை. நல்லவேளை, அது நிஜப் பணம் இல்லாத டெஸ்ட்நெட். இப்போதெல்லாம் ஓனர் முகவரியை ஆர்க்யூமென்ட்டாகவே கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம் ப்ராக்ஸி: தகவலைத் தன் ஸ்டோரேஜில் வைத்துக்கொண்டு, லாஜிக் கான்ட்ராக்ட் என்ற இன்னொன்றின் கோடை ஓட்டும் கான்ட்ராக்ட். அங்கே லாஜிக் கான்ட்ராக்டின் கன்ஸ்ட்ரக்டர் தன் ஸ்டோரேஜில்தான் எழுதும், ப்ராக்ஸிக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதனால் 'இனிஷியலைஸ்' என்று ஒரு சாதாரண ஃபங்ஷனை வைக்கிறோம். சாதாரண ஃபங்ஷன் என்பதால் பழைய ஆபத்தும் கூடவே வரும். 2017 நவம்பரில் பாரிட்டி வாலட்டுகள் பொதுவாகப் பயன்படுத்திய லைப்ரரி கான்ட்ராக்டை யாரும் இனிஷியலைஸ் செய்யாமல் விட்டிருந்தார்கள். ஒருவர் அதைச் செய்து ஓனராகி, கான்ட்ராக்டையே அழித்துவிட்டார். அதை நம்பியிருந்த வாலட்டுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) இன்றும் முடங்கிக் கிடக்கிறது. லாஜிக் கான்ட்ராக்டின் கன்ஸ்ட்ரக்டரிலேயே இனிஷியலைஸைப் பூட்டிவிடச் சொல்வது இதனால்தான்.