செல் சவ்வில் திட்டுகள்: கேள்வி-பதில்

கேள்வி: செல் சவ்வு நீர்மம் போன்றது என்று படித்தோம். அப்படியானால் அதிலுள்ள லிப்பிடுகள் (கொழுப்பு மூலக்கூறுகள்) கலந்துவிடாமல் தனித் திட்டுகளாக நிற்பது எப்படி?

பதில்: எண்ணெயும் தண்ணீரும்கூட நீர்மங்கள்தானே! இங்கே பிரிவினைக்குக் காரணம் லிப்பிடு மூலக்கூறுகளின் நீண்ட வால்கள். ஸ்பிங்கோமைலின் என்ற லிப்பிடின் வால்கள் பெரும்பாலும் நிறைவுற்றவை (இரட்டைப் பிணைப்பு இல்லாதவை), நேரானவை, நெருக்கியடித்து நிற்கும். டிஓபிசி போன்ற லிப்பிடுகளின் வாலில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடம் வளைந்திருப்பதால் அண்டை மூலக்கூறு ஒட்டி நிற்க முடியாது. கொலஸ்ட்ராலின் விறைப்பான வளையங்களுக்கு நேரான வால்களோடுதான் ஒத்துப்போகும். ஆகவே நெருக்கமான பகுதி ஒன்று, தளர்வான பகுதி ஒன்று எனப் பிரிகிறது. நெருக்கமான பகுதியிலும் மூலக்கூறுகள் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். கொலஸ்ட்ரால் இல்லாவிட்டால்தான் அது கூழாக இறுகும். வால்கள் நிமிர்ந்து நிற்பதால் அந்தப் பகுதி சற்றுத் தடிப்பாகவும் இருக்கும். இரு பகுதிகளும் சந்திக்கும் விளிம்பில் இந்த உயர வேறுபாட்டுக்கு ஆற்றல் செலவாகிறது. விளிம்பின் நீளத்தைக் குறைக்கவே திட்டுகள் வட்டமாகின்றன, ஒன்றோடொன்று சேர்கின்றன.

கேள்வி: டிஓபிசி, நேரான வாலுள்ள டிபிபிசி சம அளவு, கொலஸ்ட்ரால் 30 சதவீதம் கலந்து பெரிய வெசிக்கிள்கள் (சவ்வாலான நுண்குமிழ்கள்) செய்தோம். 33 டிகிரியில் ஒரே சீராக இருந்தவை, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டுத்திட்டாகின. ஏன்?

பதில்: நுண்ணோக்கி விளக்கின் மேல்தான் எங்கள் சந்தேகம். இந்தக் கலவை 30 டிகிரியை ஒட்டித்தான் பிரிய வேண்டும். திட்டுகள் தெரியச் சேர்க்கும் ஒளிர்சாயம் ஒளியை வாங்கி ஆக்சிஜனைத் தூண்டுகிறது. அது இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கிப் பெராக்சைடுகளை உண்டாக்குகிறது. கலவையே மாறிவிடுவதால் பிரியும் வெப்பநிலையும் ஏறிவிடுகிறது. சாயத்தை 0.5 மோல் சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒளியை மங்கலாக்குங்கள், படமெடுக்கும் நொடிக்கு மட்டும் திறங்கள். பிறகு, ஒளி படாத இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். முதல் பார்வையிலேயே அங்கும் திட்டு தெரிந்தால் விளக்கைக் குறை சொல்ல முடியாது. அப்போது வெப்பநிலையைச் சரிபாருங்கள்: எண்ணெய் லென்ஸ் கண்ணாடித் தகட்டின் சூட்டை இழுத்துக்கொள்ளும். மேடை 33 காட்டினாலும் மாதிரி அதைவிடக் குளிர்ந்திருக்கலாம்.

இன்னொன்று. டிபிபிசி உருகுவது 41 டிகிரியில். வெசிக்கிள் செய்யும்போது உலர்ந்த லிப்பிடுப் படலத்தில் சுக்ரோஸ் கரைசலை ஊற்றுவது, வெசிக்கிள் வளர மின்புலம் கொடுப்பது இரண்டையும் 50-60 டிகிரியில் செய்யுங்கள். இடையில் ஆறினால் டிபிபிசி ஒதுங்கிக்கொள்ளும். பிறகு ஒரு வெசிக்கிளின் கலவை அடுத்ததில் இருக்காது. வளர்ந்த வெசிக்கிள்களை அதே செறிவுள்ள குளுக்கோஸ் கரைசலில் விடுங்கள். சுக்ரோஸ் கனம் என்பதால் அடியில் வந்து அமரும், பார்ப்பது எளிது.

கேள்வி: சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற டிரைட்டன் எக்ஸ்-100-இல், குளிரில் கரையாமல் மிஞ்சுவதுதான் செல்லின் லிப்பிட் ராஃப்ட் (சவ்வில் மிதக்கும் லிப்பிடுத் திட்டு) என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. 1997-இல் சைமன்ஸும் இகோனெனும் ராஃப்ட் கருதுகோளை முன்வைத்தபோது இந்தக் கரையாத பகுதியே முக்கியச் சான்றாக இருந்தது. ஆனால் 4 டிகிரிக் குளிரே லிப்பிடுகளைப் பிரித்துவிடும். டிரைட்டனும் தன் பங்குக்குத் திட்டுகளை உண்டாக்கும். உயிருள்ள செல்லில் ராஃப்ட்களின் அளவு 10 முதல் 200 நானோமீட்டர் என்று கருதப்படுகிறது. சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு எட்டாத அளவு. அதே சோதனையை 37 டிகிரியில் செய்து பாருங்கள், மிஞ்சுவது வெகுவாகக் குறைந்துவிடும்.