புதுக் கல்லூரிக்கு மாறிப் போகும் தமிழாசிரியர் மாணவர்களோடு எப்படி ஒட்டுவது?

வரும் ஜூனில் வேறு மாவட்டத்துக் கல்லூரியில் சேரப் போகிறீர்கள். அங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழே சரியாக வராது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் தமிழ் நடத்திவிட்டுக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாறி வந்தவன். என்னிடமும் இதையேதான் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு என்ன வரும் என்று முதலில் பாருங்கள். வராதது தானாகக் கண்ணில் படும்.

இந்தப் பக்கத்துக் கதை கொஞ்சம் தனி. வேப்பனப்பள்ளியிலிருந்து வருகிற பையன் வீட்டில் தெலுங்கு, தளியிலிருந்து வருகிற பெண் வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தமிழ் என்பது இங்கே சாதாரணம். தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்துவிட்டாலும், மொழிச் சிறுபான்மைப் பள்ளி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ்த் தாளிலிருந்து விலக்கு கிடைத்த ஆண்டுகள் உண்டு. அதனால் ஒரே பெஞ்சில் பன்னிரண்டு வருடம் தமிழ் படித்தவரும், பேச மட்டும் தெரிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பல துறையினருக்கும் பொதுவான மொழிப்பாடமான பகுதி 1 தமிழ் வகுப்பு என்றால் வேதியியல், வணிகவியல், கணினி அறிவியல் என்று பல துறைக் கூட்டம் வேறு.

முதல் வகுப்பில் பாடம் வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். எந்த ஊர், வீட்டில் என்ன பேசுவீர்கள், எந்த வழியில் படித்தீர்கள், காலையில் எழுந்ததிலிருந்து கல்லூரிக்கு வந்து சேரும் வரை என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்தத் தாள்களை வீட்டில் நிதானமாகப் படித்தால் உங்களுக்கு வேண்டியதில் முக்கால்வாசி அதிலேயே இருக்கும். நோட்ஸை மனப்பாடம் செய்து பழகியவர்கள் சொந்தமாக எழுதச் சொன்னால் நான்கு வரியில் நின்றுவிடுவார்கள். எழுத்துப் பிழை நிறைய வைக்கிற இன்னொருவர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். இந்த இரண்டாமவரை எளிதில் தேற்றிவிடலாம். முதலாமவருக்குத்தான் அதிக நேரம் வேண்டும்.

பிழைகளிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ல, ள இரண்டும் உண்டு. எனவே அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு ள சுத்தமாக வரும். ழ தான் தகராறு, ஏனென்றால் இன்று அந்த இரண்டு மொழிகளிலும் அந்த ஒலி வழக்கில் இல்லை. ற அங்கே பழைய எழுத்தாகிவிட்டது. ந, ன என்று இரண்டு தனித்தனி எழுத்துகள் அவர்களுக்குக் கிடையாது, இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். இதைத் தெரிந்துகொண்டால் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதக் கை வராது. நான் ஒரு மாதம் ர, ற மட்டும் திருத்துவேன். அடுத்த மாதம் ந, ண, ன. ஒற்றுப் பிழையைக் கடைசியில்தான் தொடுவேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்திய தாளை எந்தப் பிள்ளையும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை.

அப்புறம், பாடம் அவர்கள் ஊரில் எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். எனக்கு அது நடுகல்லில், அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்டு வணங்கும் கல்லில், கிடைத்தது. புறநானூற்றில் அதியமான் இறந்த பிறகு ஔவையார் பாடிய பாட்டு உண்டு. நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளைப் படைக்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். மதுரையில் இதை நடத்தும்போது கரும்பலகையில் படம் வரைந்துதான் நடுகல்லை விளக்குவேன். இங்கே நான் சுண்ணக்கட்டியை எடுப்பதற்குள் ஒரு பையன் எழுந்து, "எங்க ஊர் ஏரிக்கரையில இருக்குதுங்க ஐயா, வேடியப்பன்னு கும்பிடுவோம்" என்றான். உடனே நாலைந்து ஊர்ப் பெயர்கள் வந்தன. அதியமான் ஆண்ட தகடூர் என்பது பக்கத்திலிருக்கும் தருமபுரிதான் என்று சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தப் பாட்டு அவர்கள் மண்ணில் பிறந்தது. அதை யாரும் அவர்களிடம் அழுத்திச் சொல்லியிருக்கவில்லை.

அவரவர் ஊர்க் கல்லைப் போனில் படம் எடுத்து வந்து, யார் கும்பிடுகிறார்கள், என்ன படைக்கிறார்கள், என்ன கதை சொல்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன். பாட்டி கன்னடத்தில் சொன்ன கதையைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள் ஒரு பெண். பிழைகள் இருந்தன, ஆனால் அவ்வளவு உயிருள்ள கட்டுரையை நான் அதற்கு முன் அதிகம் படித்ததில்லை. பிறகு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். செங்கம் பக்கம் எடுத்தனூரில், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் நடுகல் இருப்பதைச் சொன்னேன். அதைக் கேட்டபின், அப்படிப்பட்ட பழைய கற்களில் இருக்கும் வட்டெழுத்தைக் கற்றுத்தரச் சொன்னவர்கள் வேதியியல் மாணவர்கள்!

உங்கள் ஊரில் நடுகல் இல்லாமல் போகலாம். உப்பளம் இருக்கலாம், தறி இருக்கலாம், தெருக்கூத்து இருக்கலாம். போய்த் தேடினால் கிடைக்கும்.

வீட்டுப்பாடத்தை நம்பாதீர்கள். ஓசூர்ப் பக்கம் விடியும் முன் ரோஜா பறித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர்கள் உண்டு. மாம்பழக் காலத்தில் கூழ் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. எழுத்துப் பயிற்சி முழுவதையும் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். எந்த ஊருக்குக் கடைசி பஸ் எப்போது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாலையில் தனிப் பயிற்சி வைத்து யாரும் வரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? துறையில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பகுதிக்காரர்கள், பிள்ளைகளின் வீட்டு நிலைமை வரை அறிந்தவர்கள். குறைந்த சம்பளத்தில் அவர்கள் தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு இந்தக் கல்லூரிகளை வேறு யாரும் தாங்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. போன முதல் நாளே அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடியுங்கள்.

வகுப்பில் மட்டும் "என் பழைய கல்லூரியில் எல்லாம்..." என்று ஆரம்பிக்காதீர்கள். அங்கே எழுதிய நோட்ஸையும் உடனே எடுக்காதீர்கள். முதல் உள் மதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களைப் பார்த்த பிறகு, அந்த நோட்ஸில் எந்தப் பக்கங்கள் புது இடத்தில் செல்லும் என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.