ஆரஞ்சு டயல் சீக்கோவை நம்பி வாங்கலாமா?

கேள்வி: என் சிறு வயதில் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் வாட்ச் எங்கள் வீட்டில் இருந்தது. எப்படியோ தொலைந்துவிட்டது. இப்போது ஆன்லைனில் அதே மாதிரி ஒன்று, பளிச்சென்ற ஆரஞ்சு டயலோடு, ‘1980 ஒரிஜினல்’ என்று 2,200 ரூபாய்க்கு வந்திருக்கிறது. பின்மூடியில் 7009 என்று இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: மாமாவின் வாட்ச்சை நினைத்து வாங்குகிறீர்கள் என்றால் இதை விட்டுவிடுங்கள். இப்படிக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் நம் ஊரில் விற்கிற பழைய சீக்கோக்களில் நிறைய, டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்தவை. மெஷின் அசலாக இருக்கலாம், முகம் புதுசு.

7009 என்பது மெஷினின் எண். 17 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்க மெஷினில் பதிக்கும் பொடிக் கற்கள்) ஆட்டோமேட்டிக்; கை அசைவிலேயே சாவி ஏறும், கையால் சாவி கொடுக்க முடியாது. இந்த எண் மூன்று இடத்தில் ஒத்துப்போக வேண்டும்: பின்மூடி, உள்ளே சுழலும் ரோட்டர், டயலில் 6 மணிக்குக் கீழே விளிம்பை ஒட்டிய பொடி எழுத்து. முதல் நாலு இலக்கம் ஒன்றாக இருந்தால் போதும். அதற்குப் பின்னால் வரும் எண் டயலில் வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

போன மாதம் நண்பர் ஒருவர் இப்படி வாங்கி வந்த 7009-ஐத் திறந்து பார்த்தோம். டயலில் 21 ஜுவல்ஸ், ரோட்டரில் 17! பூதக்கண்ணாடி வைத்தால் தேதி ஜன்னலின் ஓரத்தில் பெயின்ட் தடித்து உறைந்திருந்தது. 6 மணிக்குக் கீழே இருக்க வேண்டிய எண்ணே இல்லை. மணிக்கோடுகளின் அடியில் ஆரஞ்சு ஏறி நின்றது. மனுஷர் முகம் வாடிப்போனதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. விற்றவரோ பணத்தைத் திருப்பித் தரவில்லை.

1980 என்கிறாரே, அதையும் சரிபார்க்கலாம். பின்மூடியில் ஆறு இலக்க வரிசை எண் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 04 என்று தொடங்கினால் 1980 ஏப்ரலாக இருக்கலாம், 1990 ஏப்ரலாகவும் இருக்கலாம். ஆனால் மூடியை மாற்றியிருந்தால் அது மூடியின் வயதுதான்.

டயல் நேராக, 6 மணி எழுத்து கிட்டத்தில், மூடி திறந்து மெஷின் என மூன்று போட்டோ கேளுங்கள். மூடியைத் திறக்க மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் மங்கி, முள்ளில் இருக்கும் ஒளிரும் பூச்சு பழுப்பேறி, கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் மாறுகிற ஒன்று கிடைத்தால் கூடுதலாக ஆயிரம் கொடுத்தாலும் தகும். வளைகுடாவில் விற்றவற்றில் அந்தக் கிழமைச் சக்கரம் இருந்தது.

கேள்வி: அப்பாவின் எச்எம்டி ஜனதா வாட்ச்சில் டயல் திட்டுத் திட்டாகிவிட்டது. ரிப்பேர்காரர் புது டயல் போடச் சொல்கிறார். போடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம்மா. எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் வாட்ச் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் வாட்ச் நிறுவனத்தை மூடும் முடிவை மத்திய அரசு 2016-இல் எடுத்தது. ‘புது டயல்’ என்று வருவது பெரும்பாலும் பெயின்ட் அடித்ததுதான். மெஷினை மட்டும் ஓவர்ஹால் செய்து (கழற்றிச் சுத்தம் செய்து) எண்ணெய் விடச் சொல்லுங்கள், கண்ணாடியை மாற்றலாம். ஏற்கெனவே டயலைக் கழற்றிவிட்டார் என்றால், அப்பாவுடையதைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.